பூரணியைக் கூப்பிட்டபோது

ஏரியை மண்ணடித்து மேடாக்கி, மேட்டின்மேல் நான்கு பிளாக்குகளை எழுப்பி, ஏரி என்ற பெயரை மட்டும் வாசல் பலகையில் பொன்னெழுத்தில் விட்டுவைத்திருந்த அந்தக் குடியிருப்பில், வருஷா வருஷம் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பேய்கள் வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்கும். பேய்கள் என்றால் இரண்டு வயதிலிருந்து பத்து வயதுவரை உள்ள பேய்கள். சூனியக்காரித் தொப்பி போட்டது, அட்டை எலும்புக்கூடு மாட்டியது, உதட்டோரம் தக்காளி சாஸை வழியவிட்டது என்று நாற்பது ஐம்பது தேறும். வழக்கத்தைக் கொண்டுவந்தவள் சி பிளாக் ஐந்தாம் மாடி மெர்லின். நாகர்கோவில்காரி. மூன்று வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஹாலோவீனையும் ஒரு பெட்டியில் மடித்து எடுத்து வந்துவிட்டாள் என்று சொல்வார்கள். முதல் வருஷம் முகம் சுளித்தவர்கள்கூட மறு வருஷம் கிண்ணம் நிறையச் சாக்லேட்டோடு கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள்.

மெர்லினுக்கு எதிர்வீடு செண்பகவல்லியுடையது. கோவில்பட்டியில் பிறந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் ராஜகுருவைக் கட்டிக்கொண்டு வந்தவள்; வீட்டிலிருந்தபடியே காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கணினி வேலை பார்த்துக்கொண்டு, இரண்டரை வயது இரட்டைப் பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் ஆரணி, ஆறு நிமிஷம் இளையவள் பூரணி. ஒன்று தூங்கினால் மற்றது எழும். ஒன்றுக்கு வாய் துடைத்தால் மற்றது வாயை அழுக்காக்கிக்கொள்ளும். அவள் முழுசாக ஒரு டம்ளர் காப்பியைச் சூடாகக் குடித்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் வேஷத்துக்கு உடுப்பு வாங்க மறந்துபோனாள். சாயங்காலம் நாலரை மணிக்கு, கீழே பேய்கள் கூடும் சத்தம் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. பீரோவிலிருந்து துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, நடுவில் கிழித்து, ஆளுக்கு இரண்டு ஓட்டை வெட்டிப் போர்த்திவிட்டாள். இரண்டு குட்டி வெள்ளைப் பேய்கள் கைகோத்துக்கொண்டு, துணி தரையில் புரள, வீடு வீடாகப் போய், மெர்லின் சொல்லிக்கொடுத்த "ட்ரிக் ஆர் ட்ரீட்"டை "டிக்கா டீட்" என்றன. சிரிக்காதவர்கள் இல்லை. ஏழாம் மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டராமன், சாக்லேட் பல்லுக்குக் கெடுதி என்று, ஆளுக்கொரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை கொடுத்தார்.

திரும்பும்போது லிஃப்டில் ஆரணி தூக்கு என்றாள். தூக்கினதும் பூரணி தூக்கு என்றாள். ஒன்று இடுப்பில், ஒன்று காலைக் கட்டிக்கொண்டு அலற, கூட வந்த மெர்லினிடம் செண்பகவல்லி சொன்னாள்:

"ஒண்ணே ஒண்ணு பெத்திருந்தாப் போதும், மெர்லின். சத்தியமாச் சொல்றேன், என்னால முடியல."

"எது வேண்டாம்னு சொல்லு, நான் எடுத்துக்கிறேன்" என்று மெர்லின் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் துணியை எடுத்தாள். உள்ளே ஆரணி, மோவாயெல்லாம் சாக்லேட். இரண்டாவது துணியை எடுத்தாள். உள்ளே யாரும் இல்லை. துணி அவள் கையோடு வந்தது. அது நின்ற இடத்தில் தரை இருந்தது, தரையில் இரண்டு வேர்க்கடலைத் தோல் கிடந்தது. பயத்தில் கைநழுவித் துணி விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து, தலையும் தோளுமாகப் பழையபடி நின்றது.

"அம்மா, தண்ணி" என்றாள் பூரணி, துணிக்குள்ளிருந்து.

செண்பகவல்லி தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் துணிக்கு அடியில் போய்க் காலியாக வெளியே வந்தது. அவள் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ராஜகுரு வேலையிலிருந்து வந்து, ஏதோ பட்டாம்பூச்சியைப் பிடிப்பதுபோல மெதுவாகத் துணியைத் தூக்கிப் பார்த்தான். நான்கு முறை பார்த்தான். துணியோடு எடை இயந்திரத்தில் நிறுத்தினால் பதினோரு கிலோ காட்டியது. துணியை எடுத்தால் முள் பூஜ்யத்துக்கு வந்தது. குழந்தை மருத்துவர் துணிக்கு அடியில் தெர்மாமீட்டரை நுழைத்து, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது, இந்த வயசில் சில குழந்தைகள் இப்படி இருப்பதுண்டு என்று வைட்டமின் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். ஆரணியின் துணியைச் செண்பகவல்லி அன்றைக்கே அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டாள்.

குடியிருப்பு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைக்காலத்தை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. முதல் நாள் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு செய்திகள் வந்தன. இரண்டாம் நாள் தர்காவிலிருந்து ஒரு தாயத்தும், சர்ச்சிலிருந்து ஒரு புட்டித் தண்ணீரும், மாங்காட்டு அம்மன் குங்குமமும் வந்தன. மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. மழலையர் பள்ளியில், சீருடைக்குப் பதிலாகத் துணியின் மார்புப் பக்கம் பள்ளிச் சின்னத்தைத் தைத்துவிடச் சொன்னார்கள். சங்க அறிவிப்புகளில் "துணி அணிந்த குழந்தை" என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது: துணி அணிந்த குழந்தை நீச்சல் குளத்தில் இறங்க அனுமதி இல்லை, துணி அணிந்த குழந்தை எஸ்கலேட்டர் உள்ள இடங்களுக்குச் செல்லும்போது பெற்றோர் கவனம் தேவை. இந்தக் குடியிருப்பில் எஸ்கலேட்டர் கிடையாது, ஆனாலும் கோதண்டராமன் எதையும் விட்டுவிடாத மனிதர்.

பழகிப்போனதுதான் செண்பகவல்லிக்குப் பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது. முதலில் குனிந்து பூரணியின் ஓட்டைகளைப் பார்த்துப் பேசியவர்கள் பிறகு ஆரணியை மட்டும் பார்த்துப் பேசினார்கள். பூங்காவில் ஒரு பெண்மணி, "கடவுள் ஒண்ணையாவது கண்ணுக்குக் காட்டுறாரே" என்று சொல்லி அவள் தோளைத் தட்டினாள். பூரணி அப்போது அந்தப் பெண்மணியின் பக்கத்திலேயே நின்று ஊஞ்சலுக்கு வரிசையில் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் செண்பகவல்லி கணினியில் கூட்டத்தில் இருந்தபோது, வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலை, சோபாவில் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளி மூட்டை கட்டி இஸ்திரிக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். சோபாவில் பூரணி தூங்கிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் இஸ்திரிக்கார ஏழுமலை, மூட்டையைப் பிள்ளையைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்து வாசலில் நின்றார். லிஃப்டில் வர அவருக்குத் தோன்றவில்லை.

"அம்மா, பொட்டிய வைக்கப் போனேன். இது மூச்சு விடுது" என்றார். செண்பகவல்லி வாங்கிக்கொண்டாள். துணிக்குள் சூடு இருந்தது, தூக்கத்தின் லேசான குறட்டை இருந்தது. அஞ்சலை ஓடிவந்து, "அக்கா, சத்தியமா நான் பாக்கலக்கா, வெறும் துணின்னுதான் எடுத்தேன்" என்று காலில் விழுந்தாள். செண்பகவல்லி அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

துணி அழுக்காகும் அல்லவா? இரண்டரை வயசுக் குழந்தை மண்ணில் உட்காரும், பருப்புச் சாதம் சிந்தும், ஒன்றுக்குப் போகும். துவைக்க வேண்டுமென்றால் துணியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் பூரணி இல்லை. முதல் தடவை துவைத்து உலர்த்த மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் கொடிக்கு அடியிலேயே நின்றிருந்தாள். உலர்ந்த துணியின் இரண்டு முனையையும் பிடித்து விரித்து, "பூரணீ" என்று கூப்பிட்டாள். காற்றே இல்லாமல் துணி உப்பியது; தலை வந்தது, தோள் வந்தது, வெட்டிய ஓட்டைகள் அம்மாவைத் தேடித் திரும்பின. இரண்டாம் தடவை மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை தொண்டை கட்டும்வரை கால் மணி நேரம் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் துவைப்பதை நிறுத்திவிட்டாள்.

துணி பழுப்பானது, பிறகு கறுத்தது. லிஃப்டில் மூக்கைப் பொத்தினார்கள். நவம்பர் நடுவில் சங்கத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது: துணி அணிந்த குழந்தையின் துணியைத் துவைக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தையைப் பொது இடங்களுக்குக் கொண்டுவரக் கூடாது, கீழே பதினேழு பேர் கையெழுத்து. பதினோராவது கையெழுத்து மெர்லினுடையது.

"நீயுமா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"பிள்ளைக்கு உடம்பெல்லாம் புண்ணாகிரும், செண்பா. கண்ணுக்குத் தெரியலன்னா புண் இல்லன்னு ஆயிருமா?" என்றாள் மெர்லின். "எங்கிட்ட டிரையர் இருக்கு. அரை மணி நேரத்துல காய்ஞ்சிரும். நானும் கூட நிக்கேன். ரெண்டு பேருமாக் கூப்பிடுவோம்."

அது நியாயமாகத்தான் இருந்தது. செண்பகவல்லி பூரணிக்கு இரண்டு இட்லி ஊட்டி, "அம்மா இப்பவே கூப்பிடுவேன், உடனே வந்துரணும்" என்று சொல்லித் துணியைக் கழற்றினாள். துவைத்துப் பிழிந்து மெர்லினின் டிரையரில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். டிரையர் இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாம் சுற்றில் கரண்ட் போனது.

அன்றைக்குத்தான் மழை தொடங்கியது. தொடங்கின மழை, தன் இடத்தைத் திரும்பக் கேட்க வந்த சொந்தக்காரன்போல, போகவே இல்லை. மறுநாள் காலைக்குள் ஏரி வாசல் பலகையைத் தாண்டி உள்ளே வந்து, கார்களை மூழ்கடித்து, ஜெனரேட்டரை மூழ்கடித்து, முதல் மாடிப் படியில் ஏறி நின்றது. தரைத்தள வீட்டுக்காரர்கள் மேலே வந்து தாழ்வாரங்களில் பாய் விரித்தார்கள். குடிசையில் தண்ணீர் புகுந்த ஏழுமலை, தன் இஸ்திரிப் பெட்டியோடு சி பிளாக் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் வந்து ஒண்டினார். துணியோ ஈரமாகவே இருந்தது. வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டாள், விசிறினாள், தன் வயிற்றில் சுற்றிக்கொண்டு படுத்தாள். காற்றே தண்ணீராக இருந்தால் எது உலரும்?

ஈரத்துணியை விரித்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது கனத்துத் தொங்கியது.

இரண்டாம் நாள் அவள் ராஜகுருவிடம் சொன்னாள்: "நான் சொன்னேங்க. அன்னிக்கு லிஃப்ட்ல. ஒண்ணே போதும்னு வாய்விட்டுச் சொன்னேன்."

ராஜகுரு ஜன்னலுக்கு வெளியே மிதந்துபோன ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்கேன்ல ரெட்டைன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே நான் சொன்னேன்" என்றான். "மனசுக்குள்ள."

ஆரணி காலிக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து, சொட்டும் இடத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி மாடி மாடியாக ஏறியிறங்கியது. முதலில் ஏழுமலை வந்தார். கரி நனைந்துவிட்டது, யாராவது காய்ந்த கட்டை கொடுத்தால் பெட்டியைச் சூடாக்கித் தருகிறேன் என்றார். கோதண்டராமன் தன் தேக்கு எழுதுமேஜையின் இழுப்பறைகளைத் தானே உடைத்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்ட பதினேழு வீட்டுப் பெண்களும் முறைவைத்து, சிலிண்டரில் மிச்சமிருந்த காஸில் தவாவைக் காய்ச்சி, தவாவுக்கு மேலே துணியின் ஆளுக்கொரு முழத்தைப் பிடித்து உலர்த்தினார்கள். தங்கள் வீட்டில் சோறு பொங்க காஸ் இருக்குமா என்று அந்த ஒரு நாள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருந்தபோது, ஏழுமலை கடைசியாக ஒருமுறை பெட்டியை ஓட்டி, துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "காஞ்சிடுச்சும்மா" என்றார்.

விரித்துப் பிடிக்கப் படிக்கட்டுதான் வசதியாக இருந்தது. ஒரு முனையைச் செண்பகவல்லியும் மறுமுனையை மெர்லினும் பிடித்தார்கள். கீழே தண்ணீர் விளிம்புவரைக்கும் மேலே மொட்டைமாடிக் கதவுவரைக்கும் படிக்குப் படி ஆள் நின்றது. "பூரணீ" என்று தாய் கூப்பிட்டாள். அசையவில்லை. "பூரணீ, சாமீ" என்றாள் மெர்லின். "பாப்பா, வந்துடும்மா" என்றாள் அஞ்சலை. பிறகு யார் தொடங்கினார்கள் என்று தெரியாமல் எல்லோரும் கூப்பிட்டார்கள். தெலுங்கில் கூப்பிட்டார்கள், மலையாளத்தில் கூப்பிட்டார்கள், கோதண்டராமன் தொண்டை உடைந்து "குழந்தே, குழந்தே" என்று கூப்பிட்டார். வாழ்நாளில் பூரணியோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள் தங்கள் வயிற்றில் பிறந்ததைப்போலக் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் தண்ணீரில் பட்டு, எதிர் பிளாக்குகளில் பட்டுத் திரும்பி வந்தது. எதிர் பிளாக்குகளும் ஜன்னல் திறந்து கூப்பிட ஆரம்பித்தன.

துணி உப்பியது. தலை வந்தது, தோள் வந்தது. படிக்கட்டு முழுக்க ஆரவாரம். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கோதண்டராமன் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆரணி மட்டும் கிட்டே வந்து, துணிக்கு மேலாகவே அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

"இது பூரணி இல்ல."

யார் காதிலும் விழவில்லை. செண்பகவல்லி காதில் விழுந்தது. பூரணிக்குத் தரையில் புரண்ட துணி, இப்போது தரைக்கு மேலே நாலு விரல் தூக்கி நின்றது.

வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "பசிக்குது" என்றது துணிக்குள்ளிருந்து. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, நாலைந்து வயசிருக்கும். அவள் மோர்ச்சோறு பிசைந்து கிண்ணத்தில் கொடுத்தாள். கிண்ணம் காலியாக வெளியே வந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி காலி. மூன்றாவது கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்:

"உம் பேரு என்ன, ராசா?"

"கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றது. "மறந்துபோச்சு."

"பூரணி எங்க?"

"அங்கதான் இருக்கு. அங்க நெறையப் பேரு இருக்கோம். நீங்க எல்லாரும் கூப்பிட்டீங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

ராஜகுரு சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். அவன் குரல் அவனுக்கே கேட்காத குரலாக வந்தது. "கழட்டிரு, செண்பா. கழட்டிட்டு மறுபடி கூப்பிடுவோம். எல்லாரும் இன்னும் படிக்கட்டுலதான் நிக்கிறாங்க."

செண்பகவல்லியின் கை துணியின் ஓரத்தைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு இழுப்புதான்.

"சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள்.

அதைக் கேட்டதும் துணிக்குள் இருந்த பிள்ளை, கிண்ணத்துச் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட ஆரம்பித்தது.

ஒரு பருக்கை. நின்று, இன்னொரு பருக்கை. வெளியே மழை கொஞ்சம் விட்டு மறுபடி பிடித்தது. படிக்கட்டில் ஆட்கள் கலைந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நேரமெல்லாம் அவள் கை துணியின் ஓரத்திலேயே இருந்தது. கிண்ணத்தில் ஏழெட்டுப் பருக்கை மிஞ்சியிருந்தபோது கையை எடுத்தாள். எழுந்து போய், பானையின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துக் கொண்டுவந்து கிண்ணத்தில் வைத்து, "மெதுவா எதுக்குச் சாப்பிடுற? நல்லாச் சாப்பிடு" என்றாள். ராஜகுரு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தண்ணீர் வடிந்த பிறகு அவள் பீரோவிலிருந்து இன்னொரு வெள்ளை விரிப்பை எடுத்து, இரண்டு ஓட்டை வெட்டி, விரித்துப் பிடித்து, குரலைத் தாழ்த்தித் தான் மட்டும் கூப்பிட்டாள். மற்றவர்கள் கூப்பிட்டதால்தான் வழி தப்பியது என்று நினைத்தாள். துணி உப்பியது, உள்ளே பெண் குரல், தெரியாத பாஷை, அதற்கும் பசி. அடுத்த மாசம் இன்னொன்று. அதுவும் பூரணி இல்லை. வந்த எதையும் அவளால் கழற்ற முடியவில்லை. ஐந்தாவது வந்தபோது வீட்டில் இடம் இல்லை, மெர்லின் இரண்டைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கோதண்டராமன் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது துணி மாற்ற முடியாத பிள்ளை என்பதால் காலையும் மாலையும் ஈரத் துண்டால் தானே துடைத்துவிட்டார். அஞ்சலை ஒன்றைத் தான் குடியிருக்கும் கண்ணகி நகருக்குக் கூட்டிப்போனாள். குடியிருப்புக்காரர்கள் வெள்ளை விரிப்புகளை மடித்துச் செண்பகவல்லி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் மணியை அடிக்கவில்லை.

மறு வருஷம் ஹாலோவீன் வேண்டாம் என்றுதான் மெர்லின் சொன்னாள். ஆனால் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் துணிப் பிள்ளைகள் பதினொன்றும் தாமாகவே வரிசையாகக் கிளம்பி வீடு வீடாகப் போயின. எந்த வீட்டிலும் சாக்லேட் இல்லை. எல்லா வீட்டிலும் சோறு இருந்தது, ஆறவைத்து, பிசைந்து, கிண்ணத்தில். பிள்ளைகள் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு எழுந்து போயின. இத்தனை நாள் சாப்பிட்டும் அவற்றின் பசி குறையவே இல்லை.

செண்பகவல்லி மாசத்தில் ஒருநாள் கூப்பிடுகிறாள், இன்னமும். துணி உப்பி, தலையும் தோளும் வந்து நின்றதும், அவள் வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. ஆரணிதான் முன்னால் வருவாள்; அவளுக்கு இப்போது நாலு வயசு. துணிக்கு மேலாகக் கையைப் பிடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

"இல்லம்மா" என்பாள்.

பிறகு அந்தக் கையை விடாமலே சமையலறைக்கு அழைத்துப் போவாள்.